சனிக்கிழமை சம்பளமும் நான் பார்க்காத ஆறு நோட்டீஸும்

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். வாரச் சம்பளத்துக்குப் பணம் எடுக்கச் செக்கோடு போன எங்கள் சூப்பர்வைசர் தம்பி பேங்கில் இருந்தே போன் பண்ணினான். "அக்கா, செக் பாஸாக மாட்டேங்குதுங்க. பணம் இருக்குதாம், ஆனா எடுக்க முடியாதாம். உங்களையே வரச் சொல்றாங்க." ஏதோ கையெழுத்து மாறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஒரு கடிதத்தைக் காட்டினார். டிஆர்சி-13 என்று மேலே இருந்தது. என் கம்பெனி 8,25,280 ரூபாய் ஜிஎஸ்டி பாக்கி வைத்திருப்பதாகவும், அந்தத் தொகையை என் கணக்கில் இருந்து அரசுக்குச் செலுத்த வேண்டும் என்றும் பேங்குக்கு எழுதியிருந்தார்கள். என் கணக்கில் அன்றைக்கு 6,14,000 சொச்சம் இருந்தது. அது அப்படியே முடங்கிவிட்டது. சாயந்திரம் ஐந்தரைக்கு 26 பேருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அடுத்த சனிக்கிழமை போனஸ்.

இதை எழுதுவதற்குக் காரணம், அந்த நாளில் இருந்து ஆறு மாதம் நான் பட்டதில் பாதிக்கு மேல் யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பட வேண்டியிருந்திருக்காது. எங்கள் திருப்பூரில் என்னைப் போலச் சின்ன பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தையலும் தெரியும், நூல் விலையும் தெரியும், துணிக்குச் சாயம் போடும் எந்த டையிங்கில் கலர் நிற்கும் என்றும் தெரியும். ஆனால் தன் கம்பெனியின் ஜிஎஸ்டி போர்ட்டலை ஒரு தடவையாவது தானே திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் வராது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில் என் கம்பெனி. 2013ல் ஆறு மிஷினோடு ஆரம்பித்தது, இப்போது 18 மிஷின். பாதி உள்நாட்டு ஆர்டர், பாதி பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். கம்பெனி என் பெயரில். வீட்டுக்காரர் அப்போது எத்தியோப்பியாவில் ஒரு கார்மெண்ட் கம்பெனியில் வேலையாக இருந்தார், அதனால் இங்கே எல்லாம் நான்தான். 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்தபோது எல்லாரும் அவசர அவசரமாகப் பதிவு மாற்றினார்களே, அப்போது எங்களுக்குச் செய்து கொடுத்தவர் வரி வேலை பார்க்கும் ஒரு பெரியவர். நல்ல மனுஷன். அவரிடம் எங்களைப் போல இருநூறு கம்பெனிக்கு மேல் இருந்தது. ஒவ்வொருவருக்கும் போன் பண்ணி ஓடிபி கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, பதிவு செய்த மொபைல் நம்பர், மெயில் இரண்டும் அவருடைய ஆபீசுடையதாகவே போட்டுவிட்டார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மாதம் பிறந்தால் பில்களைக் கொடுத்து அனுப்புவேன், வரி எவ்வளவு என்று சொல்வார்கள், கட்டுவேன். ஏழு வருஷம் ஒரு மாதம் கூட ரிட்டர்ன் என்கிற மாதக் கணக்குத் தாக்கல் தாமதமானது கிடையாது. அதை வைத்தே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவருடைய ஆபீசுக்கு ஓடினேன். அவருக்கு 2023ல் இதய ஆபரேஷன் ஆகியிருந்தது, அதற்கப்புறம் ஆபீசுக்கு எப்போதாவதுதான் வருகிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. டிராயரைத் திறந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்தது, இருநூறு கம்பெனிக்கும் ஓடிபி வரும் போன் அதுதான். மெயிலைத் திறந்து பார்த்தால் படிக்காத மெயில் மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேல். என் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுத் தேடினோம். 2023 ஆகஸ்டில் விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ். டிசம்பர் 18ல் காரணம் கேட்கும் நோட்டீஸ். 2024 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் நேரில் வரச் சொல்லி ஒவ்வொன்று. ஏப்ரல் 26ல், நீங்கள் பதில் தரவில்லை, நேரில் வரவும் இல்லை, ஆகவே தொகையை உறுதி செய்கிறோம் என்று ஆர்டர். ஆறு கடிதம். எனக்கு ஒன்றுமே வரவில்லையே என்று நான் கத்தியது அந்தப் பெண்ணிடம். அது என்ன செய்யும், பாவம். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அதற்கு. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தபோது கை நடுங்கி சாவி போட முடியவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டீஸ் தபாலில் வர வேண்டும், கையில் கொடுக்க வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜிஎஸ்டி சட்டத்தின் 169ஆம் பிரிவு, கடிதத்தைச் சேர்ப்பிக்கும் வழிகளில் போர்ட்டலில் ஏற்றுவதையும் ஒன்றாக வைத்திருக்கிறது. நாம் பார்த்தோமா இல்லையா என்பது தனிக் கதை. போர்ட்டலில் நோட்டீஸ்கள் இரண்டு இடத்தில் இருக்கும், ஒன்று நோட்டீஸ்கள், ஆர்டர்கள் என்ற தலைப்பில், இன்னொன்று கூடுதல் நோட்டீஸ்கள், ஆர்டர்கள் என்ற தலைப்பில். பரிசீலனை, வரிக் கேட்பு சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் இரண்டாவதில்தான் வந்து உட்காரும். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்கள் ரிட்டர்ன் பக்கத்துக்கு மட்டும் போய்விட்டு வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே நுழைந்து இரண்டையும் திறந்து பார்க்க ஐந்து நிமிஷம் கூட ஆகாது.

அன்றைக்குச் சாயந்திரம் சம்பளம் எப்படிக் கொடுத்தேன் என்றால், பீரோவில் இருந்த பதினோரு பவுனை எடுத்துக்கொண்டு போய் 4 லட்சத்துக்கு அடகு வைத்தேன். அதில் வாரச் சம்பளமும் போய், அடுத்த வார போனஸில் முக்கால்வாசியும் ஆனது. மிச்சத்துக்குத் தம்பியிடம் கைமாற்று வாங்கினேன். மிஷின்களை நிறுத்தச் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். பதினொரு வருஷமாக இருக்கும் ஓவர்லாக் டெய்லர் அக்கா ஒருவர், "எங்களுக்கு அடுத்த வாரம் குடுங்க கண்ணு, நீ மொதல்ல கேஸைப் பாரு" என்றார். அவர்களுக்கும் வாரவட்டிக்காரன் சனிக்கிழமைதான் வருவான் என்பது எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் அழுகை வந்தது. வீட்டுக்காரரிடம் பதினோரு நாள் சொல்லவில்லை. தூரத்தில் இருந்து அவர் என்ன செய்ய முடியும் என்று ஒரு பக்கம், என் பெயரில் இருக்கும் கம்பெனியை நான் சரியாகப் பார்க்கவில்லையே என்ற வெட்கம் ஒரு பக்கம். அதற்குள் 22ஆம் தேதி ஒரு பார்ட்டி அனுப்பிய 1,80,000 ரூபாயும் அதே கணக்கில் விழுந்து மாட்டிக்கொண்டது. இது உங்களுக்கு நடந்தால் முதல் வேலையாகப் பணம் வர வேண்டியவர்களுக்கு எல்லாம் போன் பண்ணி நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பதட்டத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை வரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "ஏனுங்கம்மா, ஒரு தடவையாவது பதில் போட்டிருந்தீங்கன்னா இவ்வளவு தூரம் வந்திருக்காதுங்களே" என்று ஆர்டர் நகலைக் கொடுத்தார். 2018-19 வருஷத்துக் கணக்கு. சரக்கு வாங்கும்போது கொடுத்த வரி என்று நாங்கள் ரிட்டர்னில் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரிக்கும், எங்களுக்கு விற்றவர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டி எங்கள் 2ஏ என்ற பட்டியலில் வந்த வரிக்கும் 4,12,640 ரூபாய் வித்தியாசம். அதற்கு வருஷம் 18 சதவீதம் வட்டி ஐந்து வருஷத்துக்கு 3,71,376. பத்து சதவீத அபராதம் 41,264. கூட்டினால் 8,25,280. வாசலில் ஒருவர் பின்னாலேயே வந்து, ரெண்டு லட்சம் குடுங்க மேடம், முடிச்சுத் தர்றேன் என்றார். அந்த நேரத்தில் மனசு சபலப்படும், உள்ளதைச் சொல்கிறேன். நல்ல வேளையாக என் சித்தி மகன் கூட இருந்தான், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஆர்டரில் இருக்கிற தொகையை ஆர்டரால்தான் எடுக்க முடியும், ஆள் பிடித்து எடுக்க முடியாது.

கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டரைப் பார்த்தோம். அவர் ஆர்டரைப் படிப்பதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, தேதி என்ன என்பதுதான். ஆர்டர் கிடைத்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் அப்பீல் போகலாம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம் வரைக்கும் ஏற்றுக்கொள்ள அதிகாரம் உண்டு. அப்பீலுக்குத் தகராறில் இருக்கும் வரியில் 10 சதவீதம் கட்ட வேண்டும், எங்கள் கணக்குக்கு 41,264 ரூபாய். கட்டிவிட்டால் மிச்ச வசூல் நின்றுவிடும். ஆனால் ஏப்ரல் 26ல் இருந்து நான்கு மாதம் ஆகஸ்ட் 26லேயே முடிந்துவிட்டது. நான் போய் நின்றது அக்டோபர் கடைசியில். இனி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் என்றார். இப்படிப் போர்ட்டலில் வந்ததைப் பார்க்காமல் விட்டவர்களுக்கு, வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி மறுபடி விசாரிக்கும்படி நிறைய வழக்குகளில் நீதிமன்றம் அனுப்பியிருக்கிறது என்றும் சொன்னார். இன்னொரு வழியும் இருந்தது. 2017-18, 2018-19, 2019-20 மூன்று வருஷத்துக்கும் முழு வரியை 2025 மார்ச் 31க்குள் கட்டிவிட்டால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்ற திட்டம் அந்த நவம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வருகிற நேரம். பாதியைக் கட்டிப் பாதிக்கு வாதாட முடியாது, கேட்ட வரி முழுவதையும் கட்ட வேண்டும். "உங்ககிட்ட பில் இருந்தா வாதாடலாம். இல்லைன்னா கட்டிட்டு நிம்மதியா இருங்க. பில் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணத்தைச் சொல்ல 2021க்குப் போக வேண்டும். இரண்டாவது அலை ஊரடங்கில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண் வீட்டில் இருந்தே வேலை செய்ய வேண்டும் என்று, கம்ப்யூட்டர் சர்வீஸ் பையன் ஒருவன் வந்து ரிமோட் டெஸ்க்டாப் திறந்துவிட்டுப் போனான். பாஸ்வேர்ட் கம்பெனி பெயரும் 123ம். ஊரடங்கு முடிந்தும் அதை யாரும் மூடவில்லை. ஜூலையில் ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேர் திறக்கவில்லை. எந்தக் கோப்பைப் பார்த்தாலும் பெயருக்குப் பின்னால் புரியாத ஒரு வால் ஒட்டியிருக்கிறது. டெஸ்க்டாப்பில் ஒரே ஒரு நோட்பேட் கோப்பு, பிட்காயினில் பணம் அனுப்பினால் சாவி தருகிறோம் என்று. பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தேன், 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி தினமும் சாயந்திரம் பேக்கப் எடுக்கச் சொல்லியிருந்தேன். அந்த டிஸ்க்கைக் கழற்றுவது சிரமம் என்று எப்போதும் கம்ப்யூட்டரின் பின்னாலேயே செருகி வைத்திருந்தார்கள். அதில் இருந்ததும் அதே வாலோடு பூட்டிக் கிடந்தது. பணம் கட்டவில்லை. ஃபார்மட் போட்டு 2021 ஏப்ரலில் இருந்து பில்லைப் பார்த்து மறுபடி ஏற்றினோம், ஒன்றரை மாதம் ஆனது. பழைய வருஷங்களை யார் கேட்கப் போகிறார்கள், ரிட்டர்ன்தான் போட்டாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

கேட்பார்கள். கணக்குப் புத்தகங்களை அந்த வருஷத்தின் ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2018-19க்கான ஆண்டு ரிட்டர்ன் தேதி நீட்டிப்பு மேல் நீட்டிப்பாகி 2020 டிசம்பர் 31ல் வந்து நின்றது. அதில் இருந்து 72 மாதம் என்றால் 2026 டிசம்பர் வரை. எட்டு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட. வழக்கோ அப்பீலோ நடந்தால் அது முடிந்து ஒரு வருஷம், இல்லையென்றால் அந்த 72 மாதம், எது பின்னால் வருகிறதோ அது வரைக்கும். வைரஸ் வந்தது என்று சொன்னால் யாரும் விட்டுவிட மாட்டார்கள், 2021லேயே போலீசில் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருந்தாலாவது காட்ட ஒரு காகிதம் இருந்திருக்கும். அதையும் செய்யவில்லை. இப்போது சைபர் குற்றத்துக்கு 1930 என்ற எண் இருக்கிறது, உங்களுக்கு நடந்தால் அன்றைக்கே கூப்பிட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.

மிச்சமிருந்தது காகிதம் மட்டும். கட்டிங் டேபிளுக்கு மேலே பரணில் வெட்டுத்துணி மூட்டைகளுக்குப் பின்னால் நான்கு சாக்கு. நவம்பர் மாதம் முழுக்க ராத்திரி எட்டு மணிக்கு மிஷின் நின்றதும் நானும் என் மகளும் ஒரு சாக்காக இறக்கி, கட்டிங் டேபிளில் கொட்டிப் பிரித்தோம். ஒரு சாக்கைக் கரையான் பாதி தின்றிருந்தது. எலி ஒரு ஓரம். பிரிண்டர் மையில் அடித்த பில் எல்லாம் அப்படியே இருந்தது, சின்ன மிஷினில் சூட்டில் எழுத்து விழும் தெர்மல் காகிதத்தில் வரும் ரசீது ஒன்று கூட இல்லை, வெறும் வெள்ளைக் காகிதம். அந்த மாதிரி ரசீது வாங்கினால் அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள், அந்த எழுத்து நாளாக ஆக அழிந்துவிடும். டையிங்கில் இருந்து சரக்கோடு வரும் டிசி என்கிற டெலிவரி சலான் ஒவ்வொன்றிலும் ஷேடு பார்ப்பதற்காக ஒரு துண்டுத் துணியை ஸ்டேப்ளர் அடித்து அனுப்புவார்கள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துக் காகிதத்தில் கறை இறங்கியிருந்தது, ஆனால் அந்த நேவி ப்ளூ ஆறு வருஷம் கழித்தும் அப்படியே இருந்தது. மகள் அதை எடுத்துப் பார்த்து, "அம்மா, இது நம்ம ஸ்கூல் டிராக் பேண்ட் ஆர்டர்தானே" என்றாள். அந்தத் துணி எந்த லாட், எந்த மாதம் என்று எனக்கு ஞாபகம் வந்து, அதை வைத்தே மீதி டிசிகளைத் தேதி வாரியாக அடுக்கினோம்.

இன்னொரு பக்கம் போர்ட்டலில் இருந்து 2018-19க்கான 2ஏ-வை இறக்கி, பேங்க் ஸ்டேட்மெண்டை வாங்கி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அப்போதுதான் விஷயமே வெளியே வந்தது. 4,12,640ல் 2,04,000 ஒரே நூல் கடையுடையது. அவர்கள் ஆபீசில் என் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதில் அதே பெயரில் இருக்கும் வேறொரு கம்பெனியின் எண்ணைப் போட்டு ஏழு மாதம் ரிட்டர்ன் செய்திருந்தார்கள். வரி கட்டியிருந்தார்கள், போய்ச் சேர்ந்தது வேறு ஆள் கணக்கில். 1,50,440 ரெடி துணி வாங்கிய இடம், அவர்கள் எண்ணே போடாமல் பொதுமக்களுக்கு விற்றது போலக் காட்டிவிட்டார்கள். மீதி 58,200 ஒரு டையிங், அது 2020லேயே மூடிவிட்டது, ஓனர் ரிட்டர்னே போடவில்லை. நான் எல்லாருக்கும் வரியோடு சேர்த்து முழுப் பணமும் கொடுத்திருக்கிறேன். தப்பு ஒன்றும் செய்யாமல் மாட்டிக்கொண்டேனே என்ற ஆத்திரம் அப்போது வந்தது. ஆனால் 2018லேயே மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் நூல் கடைக்கு ஒரு போன் பண்ணியே திருத்தியிருக்கலாம் என்பதும் அதே நேரத்தில் தெரிந்தது.

இதற்கு வழி இருக்கிறது என்று ஆடிட்டர் காட்டியது 2022 டிசம்பர் 27ல் வந்த 183ஆம் எண் சுற்றறிக்கை. 2017-18, 2018-19 இரண்டு வருஷத்துக்கும், விற்றவர் இப்படி எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தாலோ, பொதுமக்களுக்கு விற்றதாகக் காட்டியிருந்தாலோ, அந்தச் சரக்கை உண்மையில் விற்றோம், வரியும் கட்டிவிட்டோம் என்று சான்று வாங்கிக் கொடுக்கலாம். ஒரு வியாபாரியிடம் வித்தியாசம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் சான்று சிஏ அல்லது காஸ்ட் அக்கவுண்டண்டிடம் இருந்து, 5 லட்சத்துக்குள் என்றால் விற்றவரே எழுதிக் கொடுத்தால் போதும். நூல் கடைக்காரர் மூன்று தடவை அலைய வைத்து நான்காவது தடவை கொடுத்தார், சான்று கொடுத்தால் தன் மேல் ஏதாவது வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். ஆடிட்டரையே போனில் பேச வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். துணிக்காரர் அன்றைக்கே கொடுத்தார், டீயும் வாங்கிக் கொடுத்தார். டையிங்காரரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

உயர் நீதிமன்றத்தில் போட்ட ரிட் மனுவுக்காகச் சேரன் எக்ஸ்பிரஸில் இரண்டு தடவை சென்னை போய் வந்தேன். டிசம்பர் இரண்டாவது வாரம் நீதிமன்ற ஆர்டர் வந்தது. பழைய ஆர்டரை ரத்து செய்து, வரியில் 25 சதவீதம், அதாவது 1,03,160 ரூபாயை நான்கு வாரத்துக்குள் கட்டச் சொல்லி, கட்டியதும் பேங்க் முடக்கத்தை எடுக்கவும், என் பதிலைக் கேட்டு மறுபடி முடிவு செய்யவும் சொல்லியிருந்தார்கள். ஜனவரி முதல் வாரத்தில்தான் கணக்கு திரும்ப என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு பதில், நேர் விசாரணை, ஒரு ஃபைல் முழுக்கச் சான்றும் பில்லும். 2025 ஏப்ரலில் புது ஆர்டர். நூல் கடையும் துணிக்கடையும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. டையிங்குடைய 58,200ம் அதற்கு வட்டியும், மத்திய மாநிலப் பங்குக்குத் தலா பத்தாயிரம் அபராதமும் நின்றது. கட்டியிருந்தது போக இன்னும் 35 ஆயிரத்துச் சொச்சம் கட்டினேன்.

மொத்தமாகப் பார்த்தால், வரி, வட்டி, அபராதம் 1,38,000, வக்கீலுக்கு 45,000, ஆடிட்டருக்கு 30,000, நகைக்கு வட்டி கிட்டத்தட்ட 22,000. சரக்கு வாங்கக் காசில்லாமல் பொங்கலுக்கு வந்த ஒரு ஆர்டரை விட்டேன், அந்தப் பார்ட்டி அதற்கப்புறம் திரும்பி வரவில்லை, அதைக் கணக்கில் போடவில்லை. ஆகஸ்டில் வந்த முதல் நோட்டீஸுக்கே பதில் போட்டிருந்தால் டையிங் வரியும் வட்டியும் மட்டும்தான் செலவு. அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவரைப் பார்க்கப் போனபோது கட்டிலில் எழுந்து உட்கார முடியாமல் உட்கார்ந்து, "என்னால இப்படி ஆயிருச்சே அம்மிணி" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. கம்பெனிக்கென்று என் பெயரில் ஒரு தனி சிம், ஒரு தனி மெயில். ஜிஎஸ்டி, வருமான வரி, பிஎஃப், இஎஸ்ஐ, பேங்க் எல்லாவற்றிலும் அதுதான். போர்ட்டலில் நம்பரை மாற்றுவது கஷ்டமில்லை, உள்ளே நுழைய முடிந்தால் பதிவு விவரத் திருத்தத்தில் நாமே மாற்றலாம், புது நம்பருக்கும் மெயிலுக்கும் ஓடிபி வரும். பழைய நம்பரும் கையில் இல்லை, பாஸ்வேர்டும் தெரியாது என்றால் உங்கள் சரக அதிகாரியிடம் அடையாளச் சான்றோடு விண்ணப்பித்தால் அவரே புது நம்பரையும் மெயிலையும் போட்டுத் தருவார், தற்காலிகப் பாஸ்வேர்ட் மெயிலுக்கு வரும். ரிட்டர்ன் இப்போதும் வெளியில்தான் போடுகிறோம், ஓடிபி மட்டும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். மாதம் ஒரு தடவை அவர்கள் போன் பண்ணுவது எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இருப்பவர்கள் அதையும் வாங்கி உங்கள் பீரோவில் வையுங்கள், அது உங்கள் கையெழுத்து.

பேக்கப் இரண்டு டிஸ்க். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒன்றைச் செருகி எடுத்ததும் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன், அடுத்த வெள்ளி இன்னொன்று. இதோடு கிளவுடில் ஒரு நகல். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த டிஸ்க்கில் இருந்து மகளுடைய லேப்டாப்பில் டாலியைத் திறந்து ஏதாவது ஒரு பழைய பில் வருகிறதா என்று பார்க்கிறோம். முதல் தடவை பார்த்தபோதே ஒரு டிஸ்க்கில் இரண்டு வாரமாக நகல் சரியாக ஏறவில்லை என்பது தெரிந்தது, திறந்து பார்க்காமல் இருந்திருந்தால் மறுபடி அதே கதைதான். ரிமோட் வேலை வேண்டும் என்றால் அந்தப் பெண் கேட்கும்போது மட்டும் அனுமதி கொடுத்து, முடிந்ததும் மூடுகிறோம். டாலியில் யார் எந்த என்ட்ரியை எப்போது மாற்றினார்கள் என்று பதிவாகும் வசதியையும் வைத்துக்கொண்டோம். 2023 ஏப்ரல் 1ல் இருந்து கம்பெனிச் சட்டத்தில் பதிவானவர்களுக்குத்தான் அது கட்டாயம், என்னைப் போலத் தனி உரிமையாளருக்கு இல்லை, ஆனாலும் பழைய என்ட்ரியைத் தெரியாமல் மாற்றினால் கண்டுபிடிக்க அது வேண்டும்.

கொள்முதலில், 2022 ஜனவரியில் இருந்தே, விற்றவர்கள் காட்டிய பில்கள் மாதாமாதம் வரும் 2பி என்ற பட்டியலில் வந்தால்தான் உள்ளீட்டு வரி எடுக்க முடியும் என்று ஆகிவிட்டது, அதனால் நூலோ டையிங்கோ அடிப்படை விலையை உடனே கொடுத்துவிட்டு வரிப் பணத்தை மட்டும் 2பி-யில் வந்ததும் கொடுக்கிறோம். ஆரம்பத்தில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். "ஏனுங்க, எங்கள நம்பலையா" என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். பையர் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்றால் தீயணைப்புச் சிலிண்டர் தேதி, முதலுதவிப் பெட்டி, மூன்று மாதச் சம்பளப் பதிவேடு எல்லாவற்றையும் இரண்டு வாரம் முன்னாலேயே உட்கார்ந்து சரிபார்க்கிறோம். அதே அக்கறையோடு வருஷத்தில் ஒரு நாள், எந்த லாகின் யார் கையில் இருக்கிறது, எந்த ஓடிபி யார் போனுக்குப் போகிறது என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். எனக்கு அந்தப் பட்டியலில் பதினான்கு வரி வந்தது. அதில் ஒன்பது என் கையில் இல்லை.

2025 ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை. மாதம் பிறந்தால் நானும் மகளும் காபி குடித்துக்கொண்டே போர்ட்டலைத் திறப்பது வழக்கமாகிவிட்டது. கூடுதல் நோட்டீஸ்கள் பக்கத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது. 2021-22 வருஷத்துக்கு, ஒரு மாதத்து வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு ஏஎஸ்எம்டி-10. முப்பது நாள் அவகாசம். ஒரு நிமிஷம் வயிற்றைப் பிசைந்தது. டிஸ்க்கைச் செருகி டாலியைத் திறந்தோம், பில் இருந்தது, அதன் போட்டோவும் இருந்தது. 9ஆம் தேதி பதில் போட்டோம். ஜூலையில் பதிலை ஏற்றுக்கொண்டதாக ஏஎஸ்எம்டி-12 வந்தது, அதைப் பிரிண்ட் எடுத்து அந்த வருஷத்து ஃபைலில் பஞ்ச் பண்ணி வைத்திருக்கிறேன்.